மல்லர் கம்பம் என்று சொல்லலாமா? (கடிதம்)

அன்புள்ள அக்காவுக்கு,

நான் களுவாஞ்சிக்குடிப் பிள்ளை. ஆறு வருஷமாக மெல்பேர்ணில் இருக்கிறேன், கணக்கு வேலை. நீங்கள் இலண்டனில் இருந்த காலத்தில் போல் டான்ஸ், அதுதான் நட்ட கம்பத்தில் ஏறி ஆடும் நடனம், பழகியதாக ஒரு கட்டுரையில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு வரியை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நானும் இரண்டு சிநேகிதிகளும் ஒன்றரை வருஷமாக வகுப்புக்குப் போகிறோம். அடுத்த மாதம் இங்கே நடக்கும் ஒரு போட்டியில் மூன்று பேரும் அமெச்சூர் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறோம். பயிற்சியில் எடுத்த படம் ஒன்றைச் சிநேகிதி பேஸ்புக்கில் போட, அது கல்லடியில் இருக்கும் பெரியம்மாவின் கண்ணில் பட்டு, அங்கிருந்து அம்மாவிடம் போய்விட்டது. ஒரு கிழமையாக அம்மா என்னோடு கதைக்கவில்லை. தம்பி மட்டும் கோல் எடுத்து, 'ஊரில தலை காட்ட ஏலாமக் கிடக்கு' என்றான்.

இது நம்முடைய மல்லர் கம்பம்தான், அதைத்தான் வெள்ளைக்காரர் எடுத்துக்கொண்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லு, அடங்கிவிடுவார் என்கிறாள் ஒரு சிநேகிதி. 'நாங்கள் கிளப்பில் ஆடுகிற பெண்கள் இல்லை, விளையாட்டு வீராங்கனைகள்' என்று சொல்லு என்கிறாள் மற்றவள். இரண்டில் எதைச் சொல்ல? இல்லாவிட்டால் பேசாமல் பெயரை எடுத்துவிடட்டுமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தங்கச்சி,

பெயரை எடுக்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் கொஞ்சம் நீளமாக வரும்.

மல்லர் கம்பம் என்று சொல்லாதீர்கள். மல்லர் கம்பம் பழையதுதான். 12 ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் காலத்து மானசோல்லாசத்தில் அதைப் பற்றிக் குறிப்பு இருப்பதாகச் சொல்வார்கள், 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மராட்டிய நாட்டில் பாலம்பட்ட தேவ்தர் என்ற ஆசான் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார், இன்றைக்கும் விழுப்புரம் பக்கம் பிள்ளைகள் செய்வதைப் பார்த்தால் வாய் பிளந்து நிற்போம். ஆனால் அது மல்யுத்தக்காரரின் பயிற்சி. தடித்த மரக் கம்பம், அதில் ஆமணக்கெண்ணெய் பூசுவார்கள், உடம்பு உரசாமல் வழுகிப் போக வேண்டும் என்பதற்காக. நாங்கள் ஏறும் கம்பம் 45 மில்லிமீற்றர் உலோகம். ஒரு துளி எண்ணெய் இருந்தால் விழுந்துவிடுவோம் என்று ஆளுக்கு ஆள் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறோம். ஒன்றில் எண்ணெய்தான் துணை, மற்றதில் எண்ணெய்தான் எதிரி. அம்மா பிடிவாதமாக இருந்தாலும் புத்தியில்லாதவர் இல்லை, இரண்டையும் யூடியூபில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் அவருக்கே தெரிந்துவிடும்.

அப்ப இது எங்கிருந்து வந்தது? வட அமெரிக்காவின் இரவு விடுதிகளில் ஆடிச் சம்பாதித்த பெண்களிடமிருந்து வந்தது. பிடிகள், சுழற்சிகள், தலைகீழாகப் போகும் விதங்கள் எல்லாவற்றையும் அந்தப் பெண்கள் வேலை செய்துகொண்டே ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகி வளர்த்தார்கள். 1990களில் கனடாவில் போனியா மொண்டே என்ற பெண் மற்றப் பெண்களுக்கு அதைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மறுகாதான் ஸ்டூடியோக்கள், சம்மேளனம், புள்ளி விதிகள் எல்லாம். 2012 இல் இலண்டனில் முதல் உலகப் போட்டி நடந்தது, 2017 இல் உலக விளையாட்டுச் சம்மேளனங்களின் கூட்டமைப்பு சர்வதேச போல் விளையாட்டுச் சம்மேளனத்துக்குப் பார்வையாளர் தகுதி கொடுத்தது. இவ்வளவும் நடந்த பிறகு, 'நாங்கள் அவர்கள் இல்லை' என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்? அவர்களுடைய கையில் இருந்ததை வாங்கிக்கொண்டு அவர்களை வாசலுக்கு வெளியே தள்ளுகிறோம் என்றுதான் பொருள்.

நாங்கள் இதை ஒருமுறை செய்து முடித்த சனம், தங்கச்சி. சதிர் ஆடியவர்கள் தேவதாசிப் பெண்கள். 1930களில் அது பரதநாட்டியம் ஆனது, 1936 இல் கலாஷேத்திரா என்ற நடனப் பள்ளி வந்தது, நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ஆடலாம் என்றானது, 1947 இல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். நடனத்துக்கு மரியாதை கிடைத்தது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருந்த பெண்களுக்குக் கிடைக்கவில்லை. மட்டக்களப்பில் நான் எத்தனையோ அரங்கேற்றத்துக்குப் போயிருக்கிறேன், சதிர் ஆடிய ஒரு பெண்ணின் பெயரை வரவேற்புரையில் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் அந்த இரண்டாவது சிநேகிதியின் வசனத்தையும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம். உங்கள் வகுப்பு ஆசிரியையே முன்பு கிளப்பில் ஆடியவராக இருக்கலாம். எனக்குச் சொல்லித்தந்தவர் அப்படித்தான். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பொறுமையான ஆசிரியை அவர்.

சரி, உண்மையைச் சொன்னால் அம்மா கேட்கும் முதல் கேள்வி உடுப்பைப் பற்றித்தான் இருக்கும். அதற்கு வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள். துணி வழுக்கும், தோல் பிடிக்கும், அவ்வளவுதான். முழங்காலின் பின்பக்கமும் உள்தொடையும் அக்குளும்தான் அந்தக் கம்பத்தில் எங்கள் கைகள். களுவாஞ்சிக்குடியில் தேங்காய் பறிக்க வருகிறவர் ஏறுவதற்கு முன் சாறத்தை மடித்து மேலே கட்டுவதை அம்மா வாழ்நாள் முழுவதும் பார்த்திருப்பார். அதே காரணம்தான்.

என்னுடைய கதையையும் சொல்ல வேண்டும். நான் ஆரையம்பதியில் வளர்ந்தவள். சித்திரை வருஷத்துக்கு மைதானத்தில் வழுக்கு மரம் நடுவார்கள், கிறீஸ் பூசி, உச்சியில் கொடி கட்டி. பெண் பிள்ளைகளுக்குத் தேங்காய் துருவுதல், கிடுகு பின்னுதல். எனக்கு அந்த மரத்தில் ஏறத்தான் ஆசை, எட்டு வயதில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் ஓரத்தில் நின்று பார்த்ததில் ஒன்று மனதில் பதிந்துவிட்டது. கொடியைப் பிடுங்குகிறவன் ஒருவன், அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு அடியில் நிற்கிறவன் இன்னொருவன். அடியில் நிற்பவனின் முகமெல்லாம் கிறீஸ், காது மடலில் மற்றவனின் குதிக்கால். அவன் கொடியைத் தொடுவதே இல்லை.

இலண்டனில் நாங்களும் மூன்று பேர்தான். நான், யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, கொச்சியிலிருந்து வந்த தாதி ஒருத்தி. செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணி வகுப்பு. முதல் இரண்டு மாதம் ஏறவே முடியவில்லை, புறங்காலும் முழங்காலும் கண்டிப்போய் நீலமும் ஊதாவுமாகக் கிடக்கும். தாதி தன் வேலையிடத்தில் எல்லோரும் விசாரிக்கிறார்கள் என்று நீளக் காலுறை போட்டுக்கொண்டு போனாள். ஒற்றைக் காலை மடித்து மாட்டித் தலைகீழாகத் தொங்கும் பிடி இருக்கிறதே, நீங்களும் இப்போது அதைச் செய்வீர்கள் என்று நினைக்கிறேன், அதில் கையை விடுவதற்கு எனக்கு ஏழு கிழமை எடுத்தது. கால் தாங்கும் என்று ஆசிரியை சொன்னார், பௌதிகம் சொன்னது, என் கை மட்டும் நம்பவில்லை. கடைசியில் யாழ்ப்பாணத்துக்காரி கீழே நின்று இரண்டு கையாலும் என் தோளைத் தாங்கிக்கொண்டு, 'விடு, நான் பிடிச்சிருக்கிறன்' என்றாள். விட்டேன். அவள் எப்போது கையை எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தால் அவள் இரண்டடி தள்ளி நிற்கிறாள், நான் தொங்குகிறேன்.

2016 இல் மூன்று பேரும் ஒரே போட்டியில், ஒரே அமெச்சூர் பிரிவில் ஆடினோம். இரண்டு கம்பம், ஒன்று அசையாதது, மற்றது கிறுகுவது. ஆளுக்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. நான் நான்காவது ஆள், யாழ்ப்பாணத்துக்காரி ஐந்தாவது. முதல் கம்பம் நன்றாகப் போனது. கிறுகும் கம்பத்துக்கு வந்தபோது உள்ளங்கை வியர்த்திருந்தது, எனக்குத் தெரிந்தும் பாட்டு ஓடுகிறதே என்று துடைக்காமல் ஏறினேன், தலைகீழாகப் போகிற இடத்தில் கை வழுகி இடுப்பு அடிபட விழுந்தேன். எழும்பி முடித்தேன். திரைக்குப் பின்னால் வந்து அழத் தொடங்கியபோது அவள் மேடைக்குப் போக ஒரு நிமிடம் கூட இல்லை. உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நின்றவள் அதை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் குந்தினாள். நான்தான் அவளைத் தள்ளி அனுப்பினேன். அவளுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. அவளுக்காக மனதாரச் சந்தோஷப்பட்டேன், இரண்டு நாள் பொறாமையும் பட்டேன், இரண்டும் சேர்ந்தே இருந்தது, அதை அவளிடமே சொன்னேன். சிநேகிதிகளோடு ஒரே பிரிவில் இறங்கினால் இது உங்களுக்கும் வரும். அப்போது மறைக்காதீர்கள், மூன்று பேருக்குள் மறைத்தால் அடுத்த செவ்வாய்க்கிழமை ஒருத்தி வரமாட்டாள்.

அம்மாவைப் பற்றி. நான் என் அம்மாவிடம் மூன்று வருஷம் பொய் சொன்னேன். ஜிம்னாஸ்டிக்ஸ் என்றேன். உங்களைப் போலவே ஒரு படம் சொந்தக்காரர் வழியாக வட்ஸ்அப்பில் ஆரையம்பதிக்குப் போனது. அம்மா உடுப்பைப் பற்றிச் சத்தம் போட்டது ஒரே ஒரு நாள்தான். மறுகா அவர் திரும்பத் திரும்பக் கேட்டது, 'எனக்கு ஏன் சொல்லல்ல' என்பதைத்தான். நான் ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் கேட்டார். அதை முதலே என் வாயால் சொல்லியிருந்தால் அவர் பெரியம்மாமாருக்கு முன்னால் என் பக்கம் நின்றிருப்பார். தன் பிள்ளையைப் பற்றி மற்றவர் சொல்லித் தெரிந்துகொண்ட தாயாக அவரை நான்தான் ஆக்கினேன். உங்களுக்கு அந்தப் படம் முந்திவிட்டது, இனி முழுக் கதையாவது உங்கள் வாயால் போகட்டும். தம்பி வழியாக வேண்டாம், நீங்களே அம்மாவுக்குக் கோல் எடுங்கள். அவர் பதில் சொல்லாவிட்டால் குரல் பதிவாக அனுப்புங்கள். எங்கே பழகுகிறேன், யார் சொல்லித்தருகிறார், அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு வலிக்கும், ஏன் பிடிக்கும் என்று எல்லாம் சொல்லுங்கள். சிநேகிதிகள் இரண்டு பேரையும் வீடியோவில் அம்மாவுக்குக் காட்டுங்கள், பெயரோடு. அம்மா உடனே சம்மதிப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். போட்டிக்கு முன்பு சம்மதிக்காமலும் போகலாம். அப்படியானாலும் நீங்கள் ஆடுங்கள்.

என் அம்மா போட்டி வீடியோவைக் கடைசியில் 2019 இல், கல்லடியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தார். நான் விழுந்த இடத்தில் 'ஐயோ புள்ள' என்று போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மறுகா திரும்ப எடுத்து, அடுத்து ஆடியவள் யார் என்று கேட்டு அவளுடையதையும் முழுக்கப் பார்த்தார்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கிறது. போன கிழமை ஒருமுறை சரிவந்த பிடியை ஆட்டத்தில் வைக்காதீர்கள், பத்துக்குப் பத்தும் வருவதை மட்டும் வையுங்கள். மேடைக் கம்பம் அநேகமாக உங்கள் வகுப்பில் இருப்பதை விட உயரமாக இருக்கும், பெரிய போட்டிகளில் நான்கு மீற்றர், அதனால் ஏறுவதற்குக் கூடுதல் நேரம் கணக்கு வையுங்கள். குளிரான உலோகம் வழுக்கும். முதல் நாளும் அன்றும் உடம்பில் கிறீம் எதுவும் பூச வேண்டாம். போட்டி உடுப்போடு முழு ஆட்டத்தையும் நாலைந்து தடவை ஆடிப் பாருங்கள். பிறகு முதல் கம்பத்துக்கும் இரண்டாவது கம்பத்துக்கும் இடையில் கையைத் துடைப்பதற்கு ஒரு அசைவை ஆட்டத்துக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள், இடுப்பில் இரண்டு கையையும் வழித்துக்கொண்டு நடப்பது போல. பார்க்கிறவர்களுக்கு அது நடனமாகத்தான் தெரியும்.