முட்டையும் நிறைய இட வேண்டும், அடையும் உட்கார வேண்டும், எந்தக் கோழி வாங்கலாம்?

இரண்டையும் ஒரே கோழியிடம் எதிர்பார்த்தால் ஏமாந்துதான் போவீர்கள், நானும் ஏமாந்தவன்தான். புரோலாக்டின் என்கிற ஹார்மோன் ஏறினால்தான் கோழி அடைக்கு உட்காரும், அது ஏறிவிட்டால் முட்டை நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம்.

நம் ஊர் சின்ன நாட்டுக்கோழியான சிறுவிடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, 12 முதல் 15 முட்டை இடும், அப்புறம் 21 நாள் அடை, அதன் பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஒன்றரை இரண்டு மாதம் சுற்றும், ஆக வருடம் முழுக்கக் கூட்டினாலும் 50, 60 முட்டைதான் தேறும். பண்ணைக் கோழியான வெள்ளை லெகான் வருடத்துக்கு 300 வரை இடும், ஆனால் அடை உட்காராதவையாகவே பார்த்துப் பொறுக்கி இனம் பெருக்கியதில் அதற்கு அந்த நினைப்பே போய்விட்டது. தினமும் 110 கிராம் தீவனமும் வைக்க வேண்டும், குப்பையைக் கிளறிப் பிழைத்துக்கொள் என்று விட்டால் முட்டை வராது.

நான் ஏமாந்தது கடக்நாத்தில். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்துக் கருங்கோழி, 2018இல் புவிசார் குறியீடு வாங்கியது, கறிக்கு நல்ல விலை. விற்றவர் "சூப்பரா அடை உட்காரும்" என்றார். 11 முட்டை வைத்தேன், ஒன்பதாம் நாள் காலை எழுந்து போனது போனதுதான், சாயங்காலம் பார்த்தால் முட்டையெல்லாம் ஜில்லென்று கிடக்கிறது. ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டு மற்றதை உடைக்க மனசு வரவில்லை. இந்த இனமே அடைக்குப் பேர்போனது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. இன்னொரு நாட்டுக்கோழியான பெருவிடை நன்றாக உட்காரும், ஆனால் முட்டை இன்னும் குறைவு, கனத்த உடம்பு வேறு, மிதித்து உடைத்துவிடும்.

இப்போது என்னிடம் கிராமப்பிரியா 6, சிறுவிடை 3, ஒரு சிறுவிடைச் சேவல். கிராமப்பிரியா ஹைதராபாத்தில் கோழி ஆராய்ச்சிக்காரர்கள் உருவாக்கியது, பழுப்பு முட்டை, புறக்கடையிலேயே வருடத்துக்கு 150க்கு மேல் இடும். அது கலப்பினம், குஞ்சு தாயைப் போல வராது, அதனால் அந்த முட்டை வீட்டுச் சாப்பாட்டுக்கு. அடைக்குச் சிறுவிடை முட்டை மட்டும்தான்.

கோழி அடைக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, ராத்திரி கூட்டில் கை விட்டுப் பாருங்கள். எழுந்து ஓடாமல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்தினால், வயிற்றடியில் இறகு உதிர்ந்து தோல் சூடாக இருந்தால் சரி, இரண்டு நாள் கழித்து இருட்டியதும் முட்டையை வைக்கலாம். கூடையில் மணல் பரப்பி, பேனுக்கு நொச்சி இலை போடுவேன். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று அம்மா ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் வைக்கச் சொல்வார். நம்பிக்கை இல்லாவிட்டாலும் வைத்துவிடுகிறேன், அவரோடு யார் மல்லுக்கட்டுவது? ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் சிவப்பு நரம்பு ஓடும். ஓடாதது கூமுட்டை, எடுத்துவிடலாம்.

குஞ்சு வேண்டாத சமயத்தில் அடைக்கு உட்கார்ந்தால் தண்ணீரில் முக்காதீர்கள், பாவம். அடியில் காற்றுப் போகிற கம்பிக் கூண்டில் தீனி, தண்ணீர் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் தெளிந்துவிடும்.

சிறுவிடை வாங்குவதென்றால் சந்தையில் வாங்காதீர்கள், அக்கம்பக்கத்தில் குஞ்சுகளோடு திரிகிற கோழியைக் கண்ணால் பார்த்துவிட்டு அதன் பெட்டைக் குஞ்சுகளைக் கேளுங்கள்.