மாடு எப்படி எழுந்திருக்கும்? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம் எனக்கு. டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே படம் வரைகிறேன். சில நாள் வெறியோடு வரைவேன், அப்புறம் மாதக்கணக்கில் நோட்டைத் தொடமாட்டேன். இன்ஸ்டாகிராமில் மற்றவர்கள் வரைவதைப் பார்த்தால் என்னுடையது ஒன்றுமே இல்லை என்று தோன்றுகிறது. ஏஐ இரண்டு நொடியில் வரைந்து தள்ளும்போது நான் எதற்கு வரையவேண்டும் என்றும் கேள்வி வருகிறது. நம் மாவட்டத்தில் ஓவியத்துக்கு என்ன இருக்கிறது? சென்னையில் பிறந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருப்பேன். ஊக்கம் குறையாமல் வரைவது எப்படி? தன்னம்பிக்கையை எப்படி வளர்த்துக்கொள்வது? வேலையை விட்டுவிட்டுக் கவின்கலைக் கல்லூரியில் சேரலாமா? பேனாவோடு வரும் டேப்லெட் ஒன்று வாங்கினால் தினமும் வரைவேன் என்று நினைக்கிறேன். மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஊக்கம் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம் நீங்கள் அனுப்பிய இரண்டாவது படம். எருதுவிடும் விழாவில் ஒரு காளை பாய்கிறது. கொம்பில் தடுக்கு என்ற அலங்காரத் தட்டி கட்டியிருக்கிறது, கண் சிவந்திருக்கிறது, தோள் ஜிம்முக்குப் போகும் பையனின் தோள் மாதிரி புடைத்திருக்கிறது. காது எங்கே என்று தேடினேன். கொம்புக்கு மேலே இருந்தது.

தம்பி, மாட்டுக்குக் காது கொம்புக்கு மேலேயா இருக்கும்? பாலக்கோட்டுப் பக்கத்துப் பிள்ளை நீங்கள். வீட்டில் மாடு இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் இருந்திருக்கும். காலையில் சாணி மிதிக்காமல் பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டீர்கள். அந்தக் காளையை நீங்கள் பார்த்து வரையவில்லை, வேறு யாரோ வரைந்த காளையைப் பார்த்து வரைந்திருக்கிறீர்கள். அவரும் வேறு எதையோ பார்த்து வரைந்திருப்பார். ஆனால் தடுக்கு மட்டும் அச்சு அசல். அதன் ஜிகினாத் தாள், பக்கவாட்டில் தொங்கும் குஞ்சம் எல்லாம் சரியாக வந்திருக்கிறது. அது நீங்களே கண்ணால் பார்த்தது. அந்த ஒரு முழம் இடத்தில் உங்கள் கோடு தயங்கவே இல்லை. அதைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

ஏஐ பற்றிய கேள்வி உங்களுடையது இல்லை. படம் வரைந்து அரிசி வாங்குகிறவர் கேட்கவேண்டியது அது, அவர் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. உங்களுக்கு மாதம் பிறந்தால் கம்பெனிச் சம்பளம் வருகிறது. இன்ஸ்டாகிராம் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

'நம் மாவட்டத்தில் என்ன இருக்கிறது' என்ற வரிக்குத்தான் கோபம் வந்தது. தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது, போயிருக்கிறீர்களா? போயிருக்கமாட்டீர்கள். பேருந்தில் எத்தனையோ முறை அந்த ஊரைக் கடந்திருப்பீர்கள். அங்கே நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் நடுகற்கள் அதிகமாகக் கிடைத்த நிலம் நம்முடையது, தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதை ஒட்டிய செங்கமும். ஆறாம் நூற்றாண்டிலிருந்து நூறுநூறு ஆண்டுகளாக இங்கே கல்லில் ஆளை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே சங்கதிதான். மாட்டு மந்தையைக் கவர ஒரு கூட்டம் வரும், ஊரான் ஒருவன் தடுத்துச் சண்டையிட்டுச் சாவான், அவனுக்குக் கல் நடுவார்கள். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், உடம்பில் தைத்த அம்பு. மூலையில் சின்னதாக மாடு. அந்த மாட்டைப் போய்ப் பாருங்கள். உள்ளங்கை அகலம்கூட இருக்காது, கண் மூக்கு எதுவும் கிடையாது. ஆனாலும் மாடு என்று சொல்ல யாரும் தேவையில்லை. திமிலிலிருந்து வால் வரைக்கும் முதுகு இறங்கும் கோடு ஒன்று போதுமாக இருந்திருக்கிறது. செதுக்கியவன் தினம் மாட்டோடு கிடந்தவன்.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல் உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. வீரனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. எசமான் விழுந்த பிறகு இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் இருந்த நாய் அது, பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். நாயின் பெயர் தெரிகிறது, செதுக்கியவன் பெயர் தெரியவில்லை. உங்கள் படத்துக்குப் பதினேழு லைக்தான் விழுந்தது என்று பின்குறிப்பில் எழுதியிருந்தீர்கள். அதை வெட்டிவிட்டுத்தான் உங்கள் கடிதத்தை மேலே போட்டிருக்கிறேன்.

கொஞ்ச நாளாக நானே இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நடுகல்லில் ஆரம்பித்த யோசனை, எங்கே சுற்றினாலும் ஓர் ஆளிடம் போய் நின்றது. நான் சிறுவனாக இருந்தபோது கிருஷ்ணகிரி பழையபேட்டையில் போர்டு எழுதும் ஒருவர் இருந்தார். ஊரில் ஆர்ட்டிஸ்ட் என்றால் அவர்தான். மாங்காய் மண்டி, சைக்கிள் கடை, லாரியின் பின்பக்கம், தேர்தல் சுவர் எல்லாம் அவர் கை. பள்ளிக்கூடம் விட்டதும் அவரிடம் போய் நிற்பேன். சாக்பீஸ் தூள் தடவிய நூலின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, அவர் நடுவில் சுண்டிவிடுவார், தகரத்தில் நேர்கோடு விழும். பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசிக் கொடுப்பது என் உத்தியோகம். வீட்டுக்குப் போனால் கையை முகர்ந்து பார்த்துவிட்டு அம்மா திட்டுவாள்.

அவரைப்போலத் தன்னம்பிக்கை இல்லாத மனிதரை நான் பார்த்ததில்லை. கடைக்காரர் நாற்காலியைக் காட்டினாலும் உட்காரமாட்டார். பேசிய கூலியைக் கேட்கத் திராணி இல்லாமல் கடை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார். ஒரு தடவை என்னைக் கேட்கச் சொல்லி அனுப்பினார், டவுசர் போட்ட பையனை! மனைவியிடம் பயம், போலீஸ்காரரிடம் பயம், நாயிடம்கூடப் பயம். ஆனால் பிரஷ்ஷை எடுத்தால் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

ஒரு தவிடு புண்ணாக்குக் கடைக்குக் காளை போட்ட போர்டு கேட்டார்கள். காலண்டரில் காளை இருந்தது, கட்டம் போட்டுப் பெரிதாக்கினால் ஒரு பொழுதில் வேலை முடிந்துவிடும். அவர் செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தைக்குக் கிளம்பினார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு நானும் போனேன். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத் தரகர்கள் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. ஒரு காளைக்குப் பின்னால் போய் நிற்பார், சுற்றி வந்து பக்கவாட்டில் நிற்பார், குந்தி உட்கார்ந்து அடிவயிற்றைப் பார்ப்பார். காகிதம்கூடக் கொண்டுவரவில்லை. இந்த ஆள் என்ன சுழி பார்க்கிறானா என்று ஒரு தரகர் விரட்டினார். பயந்துகொண்டே நகர்ந்துபோய் அடுத்த காளைக்குப் பின்னால் நின்றுகொண்டார். எனக்குப் பசி. போண்டா வாங்கிக் கொடுத்து என் வாயை அடைத்தார்.

போர்டு மாட்டிய அன்று நடந்ததுதான் எனக்கு இன்றும் தீராதது. புண்ணாக்கு வாங்க வந்த ஒரு பெரியவர் அண்ணாந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. "காள எத்தன பல்லு?" என்று கேட்டார். படத்தில் காளையின் வாய் மூடியிருக்கிறது! நம் ஆர்ட்டிஸ்ட் ஏணியில் நின்றபடியே, யோசிக்காமல், "நாலு பல்லுங்க. அலைதாடி இன்னும் எறங்கல பாருங்க" என்றார். பெரியவர் இன்னொரு முறை பார்த்தார். "நாலுதான்" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். நான்கு பல் என்றால் மூன்று வயதுக் காளை. மூன்று வயதில் திமில் எவ்வளவு ஏறியிருக்கும், அலைதாடி என்கிற கழுத்துத் தோல் எவ்வளவு தொங்கும், தொடை எங்கே சதை போடும் எல்லாம் அந்தத் தகரத்தில் இருந்தது. இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

ஃபிளெக்ஸ் வந்த பிறகு அவருக்கு வேலை இல்லாமல் போனது. அந்தக் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான், இங்கே வேண்டாம்.

தன்னம்பிக்கையை வளர்ப்பது எப்படி என்று கேட்கிறீர்கள். எதற்கு வளர்க்கவேண்டும்? உங்கள்மேல் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? காளை எத்தனை பல் என்று தெரிந்தால் கோடு தானாக நேராக விழும். தெரியாதபோதுதான் கை தடுமாறுகிறது. தடுமாறும்போது, 'எனக்குத் திறமை இல்லையோ, ஊக்கம் குறைந்துவிட்டதோ' என்று நெஞ்சுக்குள் தேட ஆரம்பிக்கிறோம். உங்கள் மூன்று படங்களிலும் நடந்திருப்பது இதுதான். முதல் படத்தில் போர்வீரன், மூன்றாவதில் சிறகு முளைத்த பெண். இரண்டையும் நீங்கள் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. ஷிஃப்ட் முடிந்து களைத்து வந்து இல்லாத சிறகை வரைய உட்கார்ந்தால் கை எப்படி ஓடும்?

ஒரு கேள்வி கேட்கிறேன். படுத்திருக்கும் மாடு எழுந்திருக்கும்போது எந்தக் காலை முதலில் ஊன்றும்? கைப்பேசியில் தேடாதீர்கள். சரி, நானே சொல்லிவிடுகிறேன். பின்பக்கம்தான் முதலில் எழும். முன்கால் இரண்டும் மடங்கி முட்டியில் நிற்க, பின்பாகம் மேலே தூக்கி நிற்கும் ஒரு கணம் உண்டு. படுக்கும்போது முன்முட்டி முதலில் போகும். குதிரை இதற்கு நேர் எதிர், முன்காலை ஊன்றித்தான் எழும். இதைத் தெரிந்துகொண்டு ஒரு முறை, தெரிந்துகொண்டதை நேரில் பார்த்துவிட்டு ஒரு முறை, மாடு எழுவதை வரைந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது.

வார விடுப்பை மாற்றிக்கொள்ள முடிந்தால் ஒரு செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் போங்கள், உங்கள் ஊருக்குப் பக்கம்தான். விடியும்போதே போய்விடவேண்டும், வெயில் ஏறினால் நல்ல மாடெல்லாம் கைமாறிவிடும். ஆலம்பாடி மாடு கண்ணில் பட்டால் விடாதீர்கள், பென்னாகரம் பக்கத்து இனம், இப்போது குறைந்துவிட்டது. அதன் சாம்பல் கறுப்பையும் பின்னால் சாயும் கொம்பையும் பென்சிலில் கொண்டுவருவது லேசு இல்லை. ஆறு மாதத்துக்கு மாட்டைத் தவிர வேறு எதையும் வரையாதீர்கள். சலிக்கும். சலிக்கட்டும். தரகர் திட்டினால் நகர்ந்து நில்லுங்கள்.

கல்லூரி பற்றி: சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, நல்ல இடங்கள். ஆனால் வீட்டுக்கு நீங்கள் அனுப்பும் பணத்துக்கு வழி செய்யாமல் வேலையை விடாதீர்கள்.

டேப்லெட் இப்போது வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்