அந்த அறிக்கை என்ன ஆனது?

வணக்கம் ஐயா,

நான் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தில் இளங்கலை இறுதி ஆண்டு படிக்கிறேன். மொத்த மாணவர்களே ஆயிரத்துக்குக் கீழ்தான். பள்ளி நண்பர்கள் பலர் பெரிய பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். நிறுவனங்கள் அவர்களைத் தேடி வளாகத்துக்கே வருகின்றன. இங்கே யாரும் வருவதில்லை. சமூகப் பணி கட்டாயம் என்பதால் பாதி வார இறுதிகள் அதிலேயே போய்விடுகின்றன. போன வருடம் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் குடிநீர்க் கணக்கெடுப்பு நடத்தினோம். அறிக்கை எழுதியது நான்தான். மதிப்பெண் வந்தது, அதோடு சரி. முன்னாள் மாணவர்களும் குறைவு. பெரும்பாலும் ஆசிரியர்கள், தொண்டு நிறுவனங்களில் இருப்பவர்கள், சிறிய அரசுப் பதவிகளில் இருப்பவர்கள். தவறான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் 'அதோடு சரி' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் கவலைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

சிறிய இடத்தின் குறைகள் உண்மையானவை. நான் படித்ததும் அப்படி ஓர் இடத்தில்தான். நான் ஆசைப்பட்ட விருப்பப் பாடத்தை நான்கு பேர்தான் கேட்டோம். அதனால் அந்த வகுப்பு தொடங்கவே இல்லை. ஓர் ஆசிரியரோடு மனக்கசப்பு வந்தால் அதே பாடத்துக்கு இன்னொருவரிடம் போக முடியாது. அந்தப் பாடத்துக்கு அவர் ஒருவர்தான் இருப்பார். நண்பனோடு சண்டை போட்டால் மறுநாள் காலை விடுதிச் சாப்பாட்டு அறையில் அவன் எதிரில்தான் உட்கார வேண்டும். நிறுவனங்கள் வராததற்கும் எளிய காரணம்தான்: ஒரே நாளில் ஐந்நூறு பேரைப் பார்க்க முடிகிற இடத்துக்கு அவர்கள் போகிறார்கள். அதை உங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, கிடைப்பது என்ன? ஆள் குறைவாக இருக்கும் இடத்தில் பொறுப்பு உங்களைத் தேடி வருகிறது. கலிஃபோர்னியாவின் பாலை நிலத்தில் டீப் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு கல்லூரி 1917 முதல் நடக்கிறது. மாணவர்கள் முப்பது பேர்கூடக் கிடையாது. படிப்போடு வாரத்துக்கு 20 மணி நேரம் உடலுழைப்பு உண்டு: மாடு பார்ப்பது, பால் கறப்பது, சமைப்பது. அடுத்த ஆண்டு யாரைச் சேர்ப்பது, எந்த ஆசிரியரை அமர்த்துவது என்பதிலும் மாணவர்களுக்குப் பங்கு இருக்கிறது. அங்கே பால் கறக்க வேண்டிய மாணவர் தூங்கிவிட்டால் மாடு காத்துக்கொண்டு நிற்கும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். உங்கள் வளாகம் அவ்வளவு தூரம் போயிருக்காது. ஆனாலும் அறிக்கை எழுதும் வேலை உங்களிடம் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

என்னிடம் அப்படி வந்து சேர்ந்தது ஒரு முகாமின் கணக்குப் புத்தகம். எனக்குக் கணக்கு எழுதத் தெரியாது. வரவும் செலவும் ஒத்துப்போகாமல் இரண்டு இரவு உட்கார்ந்தேன். கடைசியில் ஒரே ரசீதை இரண்டு முறை எழுதியிருந்தது தெரிந்தது. பெரிய இடமாக இருந்தால் இந்த வேலையை விவரம் தெரிந்த ஒருவர் செய்திருப்பார், நான் பாய் தூக்கியிருப்பேன். அந்த இரண்டு இரவுகளில் கற்றதை இன்றுவரை பயன்படுத்துகிறேன்.

கோஃபி அன்னான் 1961இல் பொருளாதாரப் பட்டம் பெற்றது மினசோட்டாவில் உள்ள மெக்காலஸ்டர் என்ற சிறிய கல்லூரியில். அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்தார். என்ன வேலை தெரியுமா? நிர்வாகமும் வரவுசெலவும் பார்க்கிற அலுவலர். அங்கிருந்து ஐ.நா. பொதுச் செயலாளர் பதவிக்கு வர 35 ஆண்டுகள் ஆயின. ஐ.நா. ஊழியராக இருந்தே அந்த இடத்துக்கு வந்த முதல் ஆள் அவர்தான். 'சிறிய அரசுப் பதவிகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முன்னாள் மாணவர்கள் அந்தப் பதவிகளில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள், தினமும் என்ன செய்கிறார்கள் என்று ஒருவரிடமாவது கேட்டிருக்கிறீர்களா?

கேட்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், பாஸ்டன் புறநகர் ஒன்றில் வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973இல் ஒரு முடிவை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்து வந்தவர்கள் சுமார் 17 விழுக்காடு மட்டுமே. மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது, அல்லது மிக அபூர்வமாகப் பார்க்கும் ஒருவர். காரணம் புரிகிறது: நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். சிறிய வளாகத்தில் எல்லோரும் நெருக்கம், அதனால் எல்லோருக்கும் ஒரே செய்திதான். வெளியே இருந்து வேறு செய்தி கொண்டுவரக்கூடியவர்கள் உங்களுக்குப் பத்து, பதினைந்து ஆண்டு முன்னால் படித்துவிட்டுப் போனவர்கள். பெரிய பல்கலைக்கழகத்தின் லட்சம் முன்னாள் மாணவர்களில் ஒருவருக்கு எழுதினால் அது குவியலில் ஒரு கடிதம். உங்கள் இடத்தைப் பெயர் சொன்னாலே அந்த விடுதியும் அந்த மரத்தடியும் நினைவுக்கு வருகிற ஒருவருக்கு எழுதிப் பாருங்கள். வேலை கேட்காதீர்கள். முதல் வருடம் என்ன செய்தீர்கள், சம்பளம் போதுமானதாக இருந்ததா, எங்கே தடுமாறினீர்கள் என்று கேளுங்கள். ஐந்து பேருக்கு எழுதுங்கள், இரண்டு பேராவது பதில் போடுவார்கள் என்றுதான் நம்புகிறேன்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். வீட்டுக்குப் பணம் தேவை என்றால் அதிகச் சம்பளம் தரும் வேலைக்குப் போவதில் எந்தக் குற்றமும் இல்லை. சேவை மனம் உள்ளவர் வறுமையில்தான் வாழ வேண்டும் என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும்.

இப்போது அந்த 'அதோடு சரி'.

சமூகப் பணியைப் படிப்பின் நடுவிலேயே வைத்த இடங்கள் உண்டு. திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கினார்கள். 1956இல் அங்கே கிராமிய உயர்கல்வி நிலையம் வந்தது, 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே மாணவர்கள் கிராமத்தில் தங்கி மக்களோடு வேலை செய்வது பாடத்திட்டத்திலேயே சேர்ந்தது. கட்டாயம் என்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. மதிப்பெண் வந்ததும் கோப்பை மூடிவிடுகிறோமே, அதுதான் உறுத்துகிறது. அந்தக் குடியிருப்பில் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டியிருப்பீர்கள்! வேலையை விட்டுவிட்டு நின்று, எத்தனை குடம், எத்தனை தூரம், எந்த மாதத்தில் தண்ணீர் வராது என்று ஒவ்வொருவரும் பொறுமையாகச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னது உங்கள் துறை அலமாரியில் இருக்கிறது. அவர்களிடம் இல்லை.

வங்காரி மாத்தாய் கான்சஸ் மாநிலத்தில் சிறிய கத்தோலிக்க மகளிர் கல்லூரி ஒன்றில் உயிரியல் படித்து 1964இல் பட்டம் பெற்றவர். பிறகு கென்யா திரும்பி நைரோபியில் முனைவர் பட்டமும் வாங்கினார். விறகு கிடைக்கவில்லை, ஓடை வற்றுகிறது என்று கிராமத்துப் பெண்கள் சொன்னதைக் கேட்டுத்தான் 1977இல் மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். அந்தப் பெண்கள் சொன்னது அவரிடம் ஓர் அறிக்கையாக மட்டும் நின்றிருந்தால் அந்த மரங்கள் வந்திருக்காது. எல்லோரும் இயக்கம் தொடங்க முடியாது, தெரியும். ஆனால் கேட்டுக்கொண்டு வந்ததைத் திருப்பிக் கொடுக்க உங்களால் முடியும்.

அறிக்கையை நான்கு பக்கமாகச் சுருக்குங்கள். அட்டவணைகளை அந்த மக்கள் படிக்கும்படி மாற்றி எழுதுங்கள். இரண்டு பிரதி எடுங்கள்: ஒன்று அவர்களுக்கு, இன்னொன்று அங்கே தண்ணீருக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு. அந்த மாதிரி அலுவலகங்களில் யாரைப் பார்ப்பது, எப்படிப் பேசுவது என்பது நீங்கள் குறைவாக மதிப்பிட்ட அந்த முன்னாள் மாணவர்களுக்குத்தான் தெரியும். முதல் கடிதத்தை அதையே கேட்டு எழுதுங்களேன். படிப்பு முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள். அந்த வீடுகளில் என்ன சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்