ஸ்டீம் இணையக் கடையில் வாங்கிய கணினி விளையாட்டுகளை எபிக் அல்லது ஜி.ஓ.ஜி. கடைக்கு மாற்றிக்கொள்ள முடியுமா?

முடியாது. 6 ஆண்டுகளாக ஸ்டீமில் 40 விளையாட்டுகள் சேர்த்திருக்கிறேன், நண்பர்கள் எல்லாரும் எபிக்கில் இருக்கிறார்கள், எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோக வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி மூட்டை கட்டிக்கொண்டு கடை மாறும் வசதியை எந்தக் கடையும் தருவதில்லை. ஆனால் இந்த 'முடியாது' என்பதில் சில ஓட்டைகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால், இரண்டாவது முறை காசு கொடுப்பதைப் பல இடங்களில் தவிர்த்துவிடலாம்.

நாம் பணம் கொடுத்துப் பெறுவது விளையாடுவதற்கான உரிமம் மட்டுமே. அந்த உரிமம் ஒரு கடையில் உள்ள நம் கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் இது எப்போதும் இருந்ததுதான், யாரும் படிக்கவில்லை. 2024 செப்டம்பரில் கலிபோர்னியா மாநிலம் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. 'வாங்குங்கள்' என்று எழுதி உரிமத்தை விற்கும் கடைகள் அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் சாரம். அடுத்த மாதமே, ஸ்டீமில் பணம் செலுத்தும் இடத்தில் 'இது உரிமம் மட்டுமே' என்ற வரி தோன்றியது. முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது. அத்தனை ஆண்டுகள் என் அலமாரி என்று நினைத்திருந்தது வாடகை வீட்டின் அலமாரி.

கடைகள் ஏன் ஒத்துக்கொள்வதில்லை? ஸ்டீமில் விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் வழக்கமாக 30 சதவீதம் கடைக்குப் போகிறது; விற்பனை மிகப் பெரிதானால் அந்தப் பங்கு 25, 20 என்று குறையும். 2018 டிசம்பரில் தொடங்கிய எபிக் கடை 12 சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் ஸ்டீமில் வாங்கிய 60 ஜிபி விளையாட்டை எபிக்குக்கு மாற்றினால், அதை நீங்கள் தரவிறக்கும் ஒவ்வொரு முறையும் செலவு எபிக்குடையது. பங்கு ஏற்கெனவே ஸ்டீமுக்குப் போய்விட்டது. இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது, நியாயமில்லாதது என்றும் சொல்ல மாட்டேன். ஆனாலும் 2011 ஜனவரிக்கு முன்னால் நம் கைப்பேசி எண்ணையும் வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாதுதான். எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி நாடு முழுவதும் வந்தது நிறுவனங்கள் மனமிரங்கியதால் அல்ல, ஒழுங்குமுறை ஆணையம் கட்டளையிட்டதால். விளையாட்டுக் கடைகளுக்கு அப்படிக் கட்டளையிட இன்று யாரும் இல்லை.

தொழில்நுட்பத்தில் இது கடினம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விளையாட்டுகளை வெளியிடும் பெதஸ்தா நிறுவனம் தனக்கென நடத்திவந்த கணினிக் கடையை 2022 மே 11 அன்று மூடியது. இரண்டு வாரம் முன்னதாக, ஏப்ரல் 27 முதலே, அங்கே வாங்கியதையெல்லாம் ஸ்டீமுக்கு மாற்றிக்கொள்ள வழி திறந்துவிட்டார்கள். நானும் மாற்றினேன். பெதஸ்தா கணக்கில் நுழைய வேண்டும், ஸ்டீம் கணக்கை இணைக்க வேண்டும், ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு குவளை தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அந்தக் கணக்கின் பணப்பையில் மிச்சமிருந்த தொகையையும் மாற்றித் தந்தார்கள். இது நடந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அங்கே வெளியீட்டாளரும் கடைக்காரரும் ஒரே ஆள். வெளியீட்டாளர் மனம் வைத்தால் உரிமம் நகரும்.

ஜி.ஓ.ஜி. கடை 2016-இல் இதே வசதியைச் சிறிய அளவில் தொடங்கியது. ஸ்டீம் கணக்கை இணைத்தால், சம்மதித்த வெளியீட்டாளர்களின் விளையாட்டுகள் மட்டும் ஜி.ஓ.ஜி. நூலகத்திலும் சேரும், ஸ்டீமில் இருப்பது அப்படியே இருக்கும். பட்டியல் மிகச் சிறியது, ஒவ்வொன்றுக்கும் சில நாட்களே அவகாசம், ஸ்டீமில் உங்கள் பக்கத்தைப் பொதுவில் வைத்திருக்க வேண்டும். பின்னர் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள். அப்போது இந்தக் கடையின் தாய் நிறுவனமாக இருந்த போலந்தின் சிடி புரொஜெக்ட், 2020 ஜூனில் இன்னொரு நல்ல காரியம் செய்தது. தன்னுடைய 'விட்சர் 3' விளையாட்டை வேறு கடையில் வாங்கியிருந்தாலும், அதைக் காட்டி ஜி.ஓ.ஜி.யில் ஒரு பிரதியை இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம் என்றது. அதற்கும் சில நாட்கள்தான் கெடு. இப்படிப்பட்ட அறிவிப்பு கண்ணில் பட்டால் அன்றைக்கே செய்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

வெளியீட்டாளர் கடை மாறும்போது வாடிக்கையாளர் நடுவில் மாட்டிக்கொள்வதற்கு 'ஹிட்மேன் 3' நல்ல எடுத்துக்காட்டு. டென்மார்க்கின் ஐ.ஓ. இன்டராக்டிவ் நிறுவனம் அதை 2021 ஜனவரி 20 அன்று வெளியிட்டது. கணினியில் ஓராண்டுக்கு எபிக்கில் மட்டும். முந்தைய இரண்டு பாகங்களும் ஸ்டீமில் விற்கப்பட்டவை. அவற்றின் களங்களைப் புதிய பாகத்துக்குள் கொண்டுவந்து விளையாடலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வெளியீடு நெருங்கிய வேளையில், கணினிக்காரர்களுக்கு அது முடியாது என்றார்கள். எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. யாரும் மறுபடி வாங்க வேண்டியதில்லை என்று உடனே அறிவித்து, சில வாரங்களில் ஸ்டீம் உரிமத்தை எபிக்கில் செல்லுபடியாக்கிவிட்டார்கள். வாடிக்கையாளர்கள் சத்தம் போட்டதால் நடந்தது இது. பேசாமல் இருந்திருந்தால் காசு போயிருக்கும்.

உரிமம் நகராவிட்டாலும் நகரக்கூடியது ஒன்று உண்டு, அது நீங்கள் விளையாடிச் சேமித்த கோப்பு. என்னைக் கேட்டால் பல விளையாட்டுகளில் விலையைவிட அதுதான் பெரிது. என் தங்கை வீட்டுக் கணினியில் என் ஸ்டீம் கணக்கில்தான் 'ஸ்டார்டியூ வேலி' என்ற பண்ணை விளையாட்டை விளையாடுவாள். திருமணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகு, தனக்கென்று ஜி.ஓ.ஜி.யில் ஒன்று வாங்கினாள். "அண்ணா, மறுபடியும் முதல் நாளிலிருந்து முள்ளங்கி விதைக்க வேண்டுமா?" என்று தொலைபேசியில் கேட்டாள். அவளுடைய பண்ணையில் அப்போது மூன்றாம் ஆண்டின் கோடைகாலம் நடந்துகொண்டிருந்தது.

விதைக்கத் தேவையில்லை. விண்டோஸில் 'ஆப்டேட்டா' என்ற கோப்புறை மறைந்திருக்கும். அதற்குள் 'ரோமிங்', அதற்குள் 'ஸ்டார்டியூவேலி', அதற்குள் 'சேவ்ஸ்'. உள்ளே ஒரு பெயரும் நீண்ட எண்ணும் சேர்ந்த தலைப்பில் ஒரு கோப்புறை இருந்தது. பண்ணை முழுவதும் அதுதான். எந்தக் கடையில் வாங்கினாலும் இந்த விளையாட்டு சேமிக்கும் இடம் இதுவே. அந்தக் கோப்புறையை அப்படியே பென்டிரைவில் எடுத்துக்கொண்டு தீபாவளிக்குப் போனபோது அவள் கணினியில் அதே இடத்தில் ஒட்டினேன். விளையாட்டைத் திறந்தாள். வேலி, கோழிக்கூடு, வாசலில் படுத்திருக்கும் நாய், எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. சட்டென்று கோழிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.

'விட்சர் 3'-இலும் இதே கதைதான். ஆவணங்கள் கோப்புறைக்குள், ஸ்டீமுக்கும் ஜி.ஓ.ஜி.க்கும் ஒரே இடம். ஒட்டுவதற்கு முன் பழைய கோப்புறைக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய கடையின் மேகச் சேமிப்பை, அதாவது கோப்பைத் தானாக இணையத்தில் சேமிக்கும் வசதியை, முதல் தடவை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் அங்கேயுள்ள வெற்றுக் கோப்பு உங்களுடையதன்மேல் எழுதிவிடக்கூடும். இரண்டு பக்கமும் விளையாட்டு ஒரே பதிப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லா விளையாட்டும் இப்படி இடம் கொடுக்காது. சில, கோப்பைக் கடைக் கணக்கின் எண்ணோடு பிணைத்து வைக்கின்றன. வேறு சிலவற்றில் உருவாக்கிய நிறுவனமே தனிக் கணக்கு தருகிறது. 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டில், அதை உருவாக்கிய லாரியன் நிறுவனத்தின் கணக்கை இணைத்தால் சேமித்தது தானாகவே கூட வரும்.

ஸ்டீமில் அண்மையில் வாங்கியது எதையாவது எபிக்கில்தான் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கொடுத்துவிடுவார்கள். அதைக் கொண்டு அங்கே வாங்கலாம். உங்கள் 40-இல் ஒன்றிரண்டு இப்படித் தேறலாம்.

இனி வாங்குவதற்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். கதையோடு தனியாக விளையாடுபவற்றை முதலில் ஜி.ஓ.ஜி.யில் தேடுவேன். அங்கே நிறுவுவதற்கான கோப்பைப் பூட்டு இல்லாமலே தரவிறக்கி வெளிவட்டில் வைத்துக்கொள்ளலாம். நாளை கடை மூடினாலும் அது ஓடும். இச் (itch.io) என்ற இணையக் கடையில் வாங்கும் சில சிறு விளையாட்டுகளுக்கு, உருவாக்கியவர்கள் கோப்போடு ஸ்டீம் குறியீட்டையும் சேர்த்தே தருகிறார்கள்; ஒரே விலைக்கு இரண்டு இடத்திலும் கிடைத்துவிடுகிறது.

உங்கள் நண்பர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்களோடு விளையாடுவதற்காக மட்டும் கடை மாற நினைத்தால், அவசரப்பட வேண்டாம். 'சாட்டிஸ்ஃபாக்டரி'யை நீங்கள் ஸ்டீமில் வைத்திருந்து அவர்கள் எபிக்கில் வைத்திருந்தாலும் ஒரே ஆட்டத்தில் சேரலாம். 'பார்டர்லேண்ட்ஸ் 3'-உம் அப்படியே. 40-ஐயும் ஒரே பட்டியலில் பார்க்கத்தான் ஆசை என்றால் பிளேநைட் என்ற இலவச மென்பொருள் போதும். உரிமம் எதையும் நகர்த்தாது, எல்லாக் கடைகளையும் ஒரே திரையில் காட்டும். நண்பர்களோடு விளையாடுவது எவை எவை என்று கீழே எழுதுங்கள். எவற்றில் இரண்டு கடைக்காரர்களும் சேர்ந்து விளையாடலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.