புலிகள் காப்பகத்துக்கு வேட்டைக்காரர் பெயரா?

கேள்வி: புலிகளைச் சுட்டுக் கொன்ற ஜிம் கார்பெட்டின் பெயரைப் புலிகள் காப்பகம் ஒன்று சுமந்துகொண்டிருப்பது வெட்கக்கேடு இல்லையா? அதை ‘ராமகங்கா தேசியப் பூங்கா’ என்று மாற்றக் கோரி நாம் ஏன் குரல் எழுப்பக் கூடாது?

பதில்: தாராளமாக எழுப்பலாம். ஆனால், நீங்கள் கேட்கும் பெயரை அந்தக் காடு ஏற்கெனவே ஒருமுறை தாங்கியிருக்கிறது என்பதை அறிந்துகொண்டு எழுப்புங்கள். ஐக்கிய மாகாணத்தின் (இன்றைய உத்தரப் பிரதேசமும் உத்தராகண்டும்) ஆளுநராக இருந்த மால்கம் ஹெய்லியின் பெயரில், 1936இல், இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவாக அது அறிவிக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு ஆளுநரின் பெயர் போய் ராமகங்கா வந்தது. 1955இல் கார்பெட் கென்யாவில் காலமானபின், அவருடைய பெயர் வந்தது. இத்தனை மாற்றங்களுக்கும் காட்டிலிருந்த ஒரு புலியாவது தலை நிமிர்ந்து பார்த்திருக்குமா என்பது ஐயமே.

கார்பெட்டை மகானாக்கும் எண்ணம் நமக்கு இல்லை. அவர் சுட்டவை எல்லாம் ஆட்கொல்லிகள் என்று சொல்பவர்கள், 1930இல் பவல்கரில் அவர் வீழ்த்திய பெரும் ஆண்புலி எவரையும் கொன்றதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் 1907இல் அவர் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு வைக்கப்பட்டிருந்தது; மலைக் கிராமத்தவர் அவரை அழைத்தது வேட்டை விருந்துக்காக அல்ல. பின்னாளில் துப்பாக்கியைவிட ஒளிப்படக் கருவியையே மிகுதியும் நாடிய அவர், பூங்கா அமைவதற்கும் அதன் எல்லைகளை வகுப்பதற்கும் துணைநின்றார். நியாயமாகப் பார்த்தால், 1920களிலேயே காட்டுப் பாதையில் கம்பியைக் கட்டி, புலியே மிதித்துத் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படி செய்த வனத்துறை அதிகாரி சாம்பியனுக்கும் இந்தப் பெருமையில் பங்கு உண்டு. அவரைப் பற்றி எவரும் கேள்வி அனுப்புவதில்லை.

வெட்கப்பட வேண்டிய கதை வேறு இருக்கிறது. பாட்லி தூன் என்னும் பள்ளத்தாக்கில், சால் மரக்காடுகளுக்கு நடுவே, ராமகங்கை ஆற்றை ஒட்டிப் பரந்த புல்வெளிகள் இருந்தன. அங்குள்ளோர் அவற்றைச் ‘சவுர்’ என்பார்கள். புள்ளிமானும் பன்றிமானும் மேய்ந்த அந்த நிலமே புலியின் உணவுக் களஞ்சியம். யானைகள் இடம்பெயர்ந்த வழியும் அதுவே. புலிகளைக் காக்க மத்திய அரசு வகுத்த புலித் திட்டம் 1973 ஏப்ரல் 1 அன்று இதே பூங்காவில்தான் கோலாகலமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே காலாகட் அணை கட்டி முடிக்கப்பட்டு, ஏறத்தாழ 40 சதுர கிலோமீட்டர் அளவுக்கு நிலம் நீருக்குள் போனது. உயரமான புல்லை நம்பி வாழும் பன்றிமானுக்கு அது பேரிழப்பு. நீர்த்தேக்கத்தில் முதலைகள் வாழ்கின்றன, குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் இறங்குகின்றன, கோடையில் நீர் வடிந்த கரையில் முளைக்கும் புல்லுக்கு யானைக்கூட்டங்கள் வருகின்றன என்பதெல்லாம் உண்மையே. ஆனால் மூழ்கிய சவுர் திரும்பாது. நீங்கள் சூட்ட விரும்பும் பெயர், அணை கட்டி நாம் தேக்கிய அதே ஆற்றினுடையது என்பதையும் சற்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், நாட்டின் புலிகள் காப்பகங்களிலேயே மிகுதியாக, 260 புலிகள் இங்கே இருப்பதாக மதிப்பிடப்பட்டது. ஆனால் புலிகளைக் காட்டிச் சுற்றுலாவைப் பெருக்க முற்பட்டதன் விளைவுதான், இந்தக் காப்பகத்தின் பாக்ரோ பகுதியில் நடந்த விவகாரம். காப்பகத்துக்குள்ளேயே வேலி போட்டுப் புலிகளை அடைத்து, பயணிகள் தவறாமல் பார்த்துச் செல்ல ‘புலி சஃபாரி’ ஒன்று திட்டமிடப்பட்டது. வெட்ட அனுமதிக்கப்பட்டவை 163 மரங்கள். வெட்டப்பட்டவை 6,000க்கும் மேல் என்று இந்திய வன அளவாய்வு நிறுவனம் மதிப்பிட்டது. 2024 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் இதற்குப் பொறுப்பானவர்களைக் கடுமையாகக் கண்டித்ததுடன், காட்டுக்கு நேர்ந்த சேதத்தைக் கணக்கிட்டு, அந்தத் தொகையைக் காரணமானவர்களிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றும் கூறியது.

பெயர்ப்பலகையை மாற்றக் கோரும் மனுவில் ஒரு பத்தி மிச்சம் இருந்தால், வெட்டிய இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பணி எதுவரை வந்திருக்கிறது, எவரிடமிருந்து எவ்வளவு தொகை வசூலாகியிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த மனுவில் நாமும் கையொப்பம் இடுகிறோம்.