தோபாவுக்கு ஏன் எட்டு?

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

சுமத்ராவின் தோபா எரிமலையைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். தோபா வெடிப்புக்கு 8 என்றும், 1883இல் வெடித்த கிரகடோவாவுக்கு 6 என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். இரண்டு எண்தானே வேறுபாடு, அதற்கு ஏன் இவ்வளவு வியப்பு என்று விளங்கவில்லை. அண்மையில் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏறியபோது, ஓரத்திலிருந்த பெரும்பாறைகளைக் காட்டி, “இதெல்லாம் தோபாவிலிருந்து வந்து விழுந்ததாப்பா?” என்று மகன் கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 74,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்பதை எதைக் கொண்டு கணக்கிடுகிறார்கள் என்பதையும் விளக்கினால் நன்றி.

வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் கடிதத்துக்கு நன்றி. அந்த எண்கள், கிறிஸ் நியூஹால், ஸ்டீபன் செல்ஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 1982இல் வகுத்த எரிமலை வெடிப்புக் குறியீட்டைச் சேர்ந்தவை. 0 முதல் 8 வரை செல்லும் அக்குறியீட்டுக்கு, வெடிப்பில் வீசப்பட்ட சாம்பல், நுரைக்கல், பாறைத்துண்டு ஆகியவற்றின் மொத்தக் கன அளவே முதன்மையான அடிப்படை. சாம்பல் தூண் எவ்வளவு உயரம் எழுந்தது என்பது துணைச் சான்று. 2ஆம் படிக்கு மேல் ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல் பத்து மடங்கு. 10 கன கிலோமீட்டரில் 6 தொடங்குகிறது, 100இல் 7, 1,000இல் 8. கிரகடோவா வீசியது ஏறத்தாழ 20 கன கிலோமீட்டர். தோபா வீசியதையோ, இடையிலுள்ள காற்றுத் துளைகளைக் கழித்துக் கெட்டிப் பாறையாகக் கணக்கிட்டால்கூட 2,800 கன கிலோமீட்டர் என்று மதிப்பிடுகிறார்கள். தாங்கள் கேட்ட ‘இரண்டு எண்’ வேறுபாட்டுக்குள் நூறு மடங்குக்கும் மேற்பட்ட பொருள் அடங்கியிருக்கிறது.

ஆயினும் நாளேடுகள் செய்வதுபோல இந்த எண்ணை ஆபத்தின் மதிப்பெண்ணாகக் கொள்வதை நான் ஏற்பதில்லை. கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் 1985இல் வெடித்தபோது அது பெற்ற எண் 3 மட்டுமே. ஆனால் உச்சியிலிருந்த பனி உருகிச் சேற்று வெள்ளமாய் இறங்கி, ஆர்மேரோ என்ற ஊரைப் புதைத்து, 23,000 பேரை மாய்த்தது. கிரகடோவாவில் மாண்ட 36,000 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது கடற்கோளே தவிர, சாம்பல் அன்று. 1783இல் ஐஸ்லாந்தின் லாக்கி பிளவிலிருந்து எட்டு மாதம் வழிந்தோடிய 14 கன கிலோமீட்டருக்கும் மேற்பட்ட எரிகுழம்பு, வீசப்படாமல் வழிந்தது என்பதால் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. அதன் நச்சு வாயு புல்லைக் கெடுத்துக் கால்நடையை அழித்தது. தொடர்ந்த பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இறந்தனர். வானிலையைக் குளிர்விப்பது கந்தக வாயுவே, அதையும் இந்த எண் அளப்பதில்லை. 1980இல் வெடித்த செயின்ட் ஹெலன்ஸும் 1982இல் வெடித்த மெக்சிகோவின் எல் சிச்சோனும் 5 என்ற ஒரே எண்ணைப் பெற்றவை. கந்தக வாயுவிலோ பின்னது முன்னதைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு.

இனித் தங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். தண்ணீர்மலைப் பாறைகள் தோபாவிலிருந்து வந்தவை அல்ல. எந்த எரிமலையிலிருந்தும் வெளியே வந்து விழுந்தவையும் அல்ல. அவையும் பினாங்கின் கொடிமலையும் கிரானைட். நிலத்தட்டுகள் மோதியதால் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு, மேலே வராமலே நிலத்தடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் மெல்ல மெல்ல ஆறி இறுகியது. பாகை அவசரமின்றி ஆறவிட்டால் கற்கண்டு பெரிது பெரிதாகக் கட்டுவதுபோல, இதிலும் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. பாசி படியாத, புதிதாக உடைந்த ஒரு முகத்தை வெயிலில் பார்க்கச் சொல்லுங்கள்: வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையாய்ப் பளிச்சிடுவது பெல்ஸ்பார், கண்ணாடித்துண்டு போல் மங்கிய சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ், கரும்புள்ளியாய் மின்னுவது காக்காப்பொன். எரிகுழம்பு மேற்பரப்பில் விரைந்து ஆறினால் எப்படியிருக்கும் என்பதற்குக் குவாந்தான் அருகே பத்து ஹீத்தாம் கடற்கரையிலுள்ள பசால்ட்டைக் காட்டலாம். அது கறுத்து, மணிகள் தெரியாமல் நெருங்கியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், தோபாவின் ரயோலைட் என்ற எரிமலைப் பாறையும் நம் கிரானைட்டும் வேதிச் சேர்க்கையில் நெருங்கிய உறவு. ஒன்று வெடித்துச் சிதறியது, மற்றது உள்ளேயே உறைந்தது. வயதில்தான் எட்டாத தொலைவு: பினாங்குக் கிரானைட், திரையாசிக் காலம் முடிந்து ஜுராசிக் தொடங்கும் 200 மில்லியன் ஆண்டு எல்லையை ஒட்டியது.

வயதைக் கணக்கிடுவதற்குக் கதிரியக்கமே கைகொடுக்கிறது. உயிர்ப்பொருளின் எச்சத்திலுள்ள கதிரியக்கக் கரிமத்தை அளக்கும் கரிமக் கணக்கு ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் பயன்படாது என்பதால் தோபாவுக்கு அது உதவாது. தோபாச் சாம்பலில் உள்ள சானிடின் என்ற படிகத்தில் பொட்டாசியம் உண்டு. அதன் ஒரு வகை, 1,250 மில்லியன் ஆண்டு அரைவாழ்வோடு (பாதி சிதைய ஆகும் காலம்) சிதைந்து, ஒரு பகுதி ஆர்கான் வாயுவாகிறது. குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்வரை அந்த வாயு தப்பிவிடும். வெடித்து ஆறிய நொடியிலிருந்து படிகத்துக்குள் சிக்கிச் சேரத் தொடங்கும். சேர்ந்த ஆர்கானையும் எஞ்சிய பொட்டாசியத்தையும் ஒப்பிட்டால் வெடித்த காலம் கிடைக்கிறது. கிரானைட்டுக்கு இதே வேலையைச் சிர்க்கான் படிகம் செய்கிறது. அது உருவாகும்போது யுரேனியத்தை ஏற்று ஈயத்தை ஒதுக்கிவிடும் என்பதால், பின்னர் அதில் காணப்படும் ஈயம் ஏறத்தாழ முழுவதும் யுரேனியம் சிதைந்து வந்ததே.

இந்தக் கணக்கு நமக்கு எவ்வளவு பக்கத்தில் பயன்பட்டிருக்கிறது என்பதற்குப் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கு சான்று. அங்கே கோத்தா தம்பானில் கற்கருவிகள் செய்த பழைய பட்டறை ஒன்று, தோபாவிலிருந்து பறந்துவந்த மென்மையான வெளிர்சாம்பலோடு சேர்ந்து கிடந்தது. அந்தச் சாம்பலுக்கு முதலில் ஏறத்தாழ 31,000 ஆண்டு வயது கணித்தார்கள். கருவிகளின் வயதும் அதுவே என்று எழுதப்பட்டது. பிறகு சாம்பல் தோபாவின் 74,000 ஆண்டு வெடிப்பைச் சேர்ந்தது என்று தெளிவானதும், மண்ணிலிருந்த ஒரு கல்லையும் நகர்த்தாமலே, பட்டறையின் காலம் இரு மடங்குக்கு மேல் பின்னோக்கிச் சென்றுவிட்டது.

அன்புடன்,
பினாங்கிலிருந்து