தெர்மாமீட்டர் முதல் பட்டறை மண் வரை: பாதரசம் பற்றிக் கேள்வி பதில்

வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற கோவைக்காரர் ஒருவர் பதிலளிக்கிறார்.

தெர்மாமீட்டர் உடைந்துவிட்டது. விளக்குமாற்றால் கூட்டிக் குப்பையில் போட்டேன். சரிதானே ஐயா? (பீளமேடு)

இனி அப்படிச் செய்யாதீர்கள், அம்மா. விளக்குமாறு ஒரு மணியை நூறாகச் சிதறடிக்கும். பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும்; அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். மோதிரம், வளையல்களைக் கழற்றிவிடுங்கள். தங்கத்தில் பாதரசம் உடனே ஏறிக்கொள்ளும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையால் மணிகளை ஒன்றுகூட்டி, மூடியுள்ள பாட்டிலில் சேர்த்து, மேலே சிறிது தண்ணீர் ஊற்றி மூடுங்கள். மிஞ்சிய பொடிமணிகளை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்கலாம்.

எரிந்துபோன டியூப் லைட்டைக் குப்பை வண்டியில் போடலாமா? (சூலூர்)

கூடாது. டியூப் லைட்டிலும் பாதரசம் உண்டு. ஒரு சிறிய சி.எஃப்.எல். விளக்கில் சுமார் 3 முதல் 5 மில்லிகிராம் பாதரசம்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் உள்ள வீடுகளெல்லாம் தூக்கிப் போட்டால்? வெள்ளலூர்க் கிடங்கில் குப்பை தீப்பிடிக்கும்போது அதுவும் சேர்ந்து புகையோடு கிளம்பும். உடையாமல் அட்டைப்பெட்டியில் வைத்து மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

அப்பா காலத்திலிருந்து, தங்கத் துகள் கலந்த நகைப் பட்டறை மண்ணைப் பாதரசத்தில் பிசைந்து, சூடேற்றித் தங்கம் எடுக்கிறோம். இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. (செல்வபுரம்)

தம்பி, எனக்கு மிகவும் கவலை தருவது உங்கள் கேள்விதான். பாதரசத்தின் பாதிப்பு உடனே படுக்கையில் தள்ளிவிடுவதில்லை. மறதி, எரிச்சல், தூக்கமின்மை, பிறகு விரல் நடுக்கம் என்று மெல்ல வரும். நகாசு வேலை செய்யும் கைக்கு நடுக்கம் வந்தால் தொழிலே போயிற்று. சூடேற்றும்போது தங்கம் தங்கிவிடும், பாதரசத்தில் பெரும்பகுதி காற்றில் போகும். கீழே பட்டறை, மேலே வீடு என்றால் அந்தக் காற்றைத்தான் உங்கள் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள். கருவிலிருக்கும் குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். மண்ணை நம்பகமான சுத்திகரிப்பாளரிடம் எடைக்கு விற்றுவிடுங்கள். கிடைக்கும் பணம் சற்றுக் குறையலாம். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். கழுவிய நீரையும் சாக்கடையில் விடாதீர்கள்.

சாக்கடையில் போனால் அடித்துக்கொண்டு போய்விடாதா? (சிங்காநல்லூர்)

எங்கே போகும்? நொய்யல் ஆற்றுக்கும் குளங்களுக்கும்தான். தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமான பொருள், அடிச்சேற்றில் தங்கிவிடும். அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை மீத்தைல் பாதரசம் என்ற கொடிய நச்சாக மாற்றும். பாசியிலிருந்து சிறுமீனுக்கும், அதிலிருந்து பெருமீனுக்கும் ஏற ஏற அதன் செறிவு கூடும். குழம்பு கொதித்தாலும் அது போகாது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட நோய் மீன் வழியாகத்தான் மக்களை முடக்கியது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த அந்த ஊரின் பெயரால் அமைந்த உலக உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது; இந்தியாவும் 2018-இல் சேர்ந்தது. நம் குளத்து மீனையும் சேற்றையும் ஆண்டுதோறும் பரிசோதித்து, முடிவை மாநகராட்சி மக்களுக்கு அறிவிக்க வேண்டும். வார்டு கூட்டங்களில் இதைக் கேளுங்கள்.

பல்லில் அடைத்த வெள்ளி அடைப்பை எடுத்துவிட வேண்டுமா? (ஈரோடு)

அதில் பாதியளவு பாதரசம்தான். ஆனாலும் நல்ல நிலையில் இருந்தால் தொடாதீர்கள். குடையும்போதுதான் ஆவி அதிகம் வரும்.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் பழைய பாதரசப் புட்டி இருக்கிறது. என்ன செய்வது? (கோபி)

ஒரு காலத்தில் நானே மாணவர்களின் உள்ளங்கையில் பாதரசத்தை ஊற்றி உருட்டவிட்டிருக்கிறேன். இன்றும் அது என்னை உறுத்துகிறது. புட்டியை இறுக மூடி, உடையாத இன்னொரு கலத்துக்குள் வைத்துப் பூட்டுங்கள். எவ்வளவு இருக்கிறது என்று குறிப்பிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தலைமையாசிரியர் வழியாக இந்த வாரமே கடிதம் எழுதுங்கள்.